இரும்புக் கையும் இருபது நிமிஷமும்

என் வலது கைச் சுண்டுவிரல் கொஞ்சம் கோணல். மற்ற விரல்கள் நேராக நிற்கும்போது இது மட்டும் மோதிர விரல் பக்கம் சாய்ந்துகொண்டு ஏதோ ரகசியம் பேசும். கூட்டங்களில் என்னோடு கைகுலுக்கிய வாசகர்கள் சிலர் கவனித்திருக்கிறார்கள். 'சின்ன வயசுல மரத்துலேர்ந்து விழுந்தீங்களா ஸார்?' என்று ஒருவர் கேட்டார். 'ஆமாம்' என்று சொல்லிவிட்டேன். உண்மையைச் சொன்னால் சிரிப்பார் என்று பயம்.

உண்மை இதுதான். பச்சைப்பயறை அடித்து ஒடிந்த விரல் அது.

சிரித்தாயிற்றா? சரி, கதைக்குப் போகலாம்.

1996 தொடக்கத்தில் ஹாங்காங் போனேன். இருபத்தாறு வயசு. சிம் ஷா சுயி பகுதியில் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் கணக்கு எழுதும் வேலை. தங்கியது ஜோர்டானில், எட்டாவது மாடியில், கட்டிலைப் போட்டால் கதவைத் திறக்க முடியாத ஒரு அறை. ஊரில் தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. நகைக்கடைப் பாக்கி என் பேரில். ஆகவே என்னால் வேலையை விட முடியாது என்பது எனக்கும் தெரியும், என் மேலதிகாரிக்கும் தெரியும்.

அந்த மனுஷரைப் பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை. கத்துவார். ஃபைலை மேஜையில் வைக்க மாட்டார், எறிவார். யார் செய்த தப்புக்கும் முதலில் என் பேர்தான் வாயில் வரும். நான் 'யெஸ் ஸார்' சொல்லிவிட்டுக் குனிந்து காகிதங்களைப் பொறுக்குவேன். பொறுக்கி முடித்து நிமிரும்போது என் வலது கை தானாக மூடியிருக்கும். உங்களுக்கும் அப்படி ஒரு கை இருந்திருக்கும். இல்லையென்று சொல்லாதீர்கள்.

ஒருநாள் கழுத்து பிடித்துக்கொண்டது. திரும்ப முடியவில்லை. எங்கள் கட்டடத்தில் காயல்பட்டினத்துக் காக்கா ஒருவர் இருந்தார். ரத்தினக்கல் வியாபாரம். காயல்காரர்களுக்கு ஹாங்காங் ரொம்ப நாளாகப் பக்கத்து ஊர் மாதிரி. அவர்தான், "வாங்க தம்பி, ஒரு சீன வைத்தியர்ட்ட கூட்டிட்டுப் போறேன். ஆஸ்பத்திரில மிஷின வச்சுப் பாப்பாங்க. இவரு விரல வச்சே பாத்துருவாரு" என்றார்.

யாவ் மா தேய் என்ற பகுதியில் ஷாங்காய் தெரு. பாத்திரக் கடைகள், பூஜை சாமான் கடைகள். ஒரு பழைய கட்டடத்தின் மரப்படிகளில் ஏறும்போதே வாசனை வந்துவிட்டது. நம்ம ஊர் நாட்டு மருந்துக் கடையையும் சாராயக் கடையையும் ஒரே அறையில் வைத்துப் பூட்டினால் எப்படி இருக்கும்? அந்த வாசனை.

உள்ளே சுவர் முழுக்க அலமாரி. அலமாரி முழுக்க ஜாடிகள். எல்லாவற்றிலும் கரும்பழுப்பு நிறத்தில் ஒரு திரவம், அதன் அடியில் வேர், பட்டை, பூ, பிசின். ஒவ்வொரு ஜாடிக் கழுத்திலும் ஒரு சிவப்புக் காகிதம். என்ன எழுதியிருக்கிறது என்று காக்காவிடம் கேட்டேன். "ஊறப்போட்ட தேதி தம்பி. மருந்துக்கு வயசு முக்கியம்" என்றார்.

பனியனும் ரப்பர் செருப்புமாக ஒரு எழுபது வயசுக்காரர் வந்தார். எல்லோரும் அவரை 'சிஃபு' என்றார்கள். நம்ம பக்கம் 'ஆசான்' என்போமே, அது. ஒரு ஜாடியிலிருந்து கொஞ்சம் திரவத்தை உள்ளங்கையில் ஊற்றிச் சூடு வரத் தேய்த்து என் கழுத்தில் வைத்தார். விரல்கள் எதையோ தேடிக்கொண்டு போயின. ஓர் இடத்தில் நின்றன. நான் 'அம்மா' என்றேன். அரை மணியில் கழுத்து திரும்பியது.

கழுத்து திரும்பியதும் முதலில் கண்ணில் பட்டது சுவரில் இருந்த கறுப்பு வெள்ளை போட்டோ. ஓர் இளைஞன். முன்னால் அடுக்கிய செங்கல். ஓங்கிய கை. சிஃபுதான்.

அவ்வளவுதான் ஸார். எனக்குக் கழுத்துவலி மறந்து போச்சு.

*

இங்கே கொஞ்சம் சரித்திரம்.

அந்தக் கரும்பழுப்புத் திரவத்துக்கு கான்டனீஸ் மொழியில் 'டிட் டா ஜவ்' என்று பெயர். டிட் என்றால் விழுவது. டா என்றால் அடி. ஜவ் என்றால் மது. விழுந்ததுக்கும் அடிபட்டதுக்கும் தடவுகிற சாராயம். பெயரில் ஒளிவுமறைவே கிடையாது.

தென் சீனத்தில் சண்டை கற்றுக்கொடுப்பவரும் எலும்பு வைத்தியரும் பெரும்பாலும் ஒரே ஆள்தான். நம்ம கன்னியாகுமரிப் பக்கத்தில் அடிமுறை சொல்லிக்கொடுக்கிற ஆசானே வர்ம வைத்தியமும் பார்ப்பார் இல்லையா, அதேதான். ஜெட் லீ 1991ல் நடித்த படத்தின் வழியாக உலகத்துக்கே தெரிந்துபோன வோங் ஃபெய் ஹுங் கற்பனைப் பாத்திரம் இல்லை. 1847ல் பிறந்த நிஜ மனிதர். குவாங்ஜோ நகரில் 'போ சி லாம்' என்ற பெயரில் வைத்தியசாலை நடத்தியவர். 1924ல் நகரத்தில் நடந்த கலவரத்தில் அது எரிந்து போனது. படங்களில் அவர் அடிப்பதைக் காட்டினார்கள். நிஜத்தில் அவர் வீட்டு வாசலில் நின்ற கூட்டம் அடி வாங்க வந்ததில்லை, அடிக்கு மருந்து கேட்டு வந்தது.

அடுத்தவர் கூ ரூ ஜாங். வடக்கிலிருந்து 1920களின் கடைசியில் குவாங்ஜோவுக்கு வந்த ஐந்து பெரிய ஆசான்களில் ஒருவர். அந்த ஐவரையும் 'தெற்கே வந்த புலிகள்' என்பார்கள். இவருடைய வித்தைக்கு 'இரும்பு மணல் உள்ளங்கை' என்று பெயர். பத்துக்கும் மேலே செங்கற்களை, நடுவில் இடைவெளிக்குக் கட்டை கொடுக்காமல், ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி உள்ளங்கையால் உடைக்கிறார். போட்டோ இருக்கிறது. சர்க்கஸ் குதிரையை ஒரே தட்டில் சாய்த்தார் என்று ஒரு கதையும் இருக்கிறது. கதைக்கு போட்டோ இல்லை.

நான் பிளஸ் டூ படிக்கும்போது வீடியோ கேசட்டில் 'கிங் பாக்ஸர்' என்று ஒரு படம் பார்த்திருக்கிறேன். 1972ல் ஹாங்காங்கில் எடுத்தது. கதாநாயகனின் கையை வில்லன்கள் நசுக்கிவிடுவார்கள். அவன் விடாமல் இரும்பு உள்ளங்கை பழகுவான். கடைசியில் அவன் கை சிவப்பாக ஒளிரும். ஒளிர்ந்தால் எதிரி காலி. என் வயசுக்காரர்கள் பலர் அன்று ராத்திரியே தலையணையை அடித்திருப்பார்கள்.

எனக்கு இருபத்தாறு வயசில், தினமும் ஃபைல் பொறுக்கிக்கொண்டிருந்த காலத்தில், ஒளிரும் கை வைத்திருந்த ஒரு மனிதர் நேரில் கிடைத்துவிட்டார். விடுவேனா?

*

மூன்று மாசம் நடந்தேன். 'சரி, ஞாயிற்றுக்கிழமை வா' என்றார் சிஃபு.

மொட்டை மாடி. துணி காயும் மூங்கில்களுக்கு நடுவே இடுப்பு உயரத்துக்கு ஒரு முக்காலி. அதன்மேல் கெட்டித் துணியில் தைத்த ஒரு தலையணை. தொட்டுப் பார்த்தேன். உள்ளே பச்சைப்பயறு.

"பயறா?" என்றேன். இரும்பு மணல் என்றல்லவா பெயர்!

இரும்பு கடைசியில்தானாம். முதலில் பச்சைப்பயறு. அது உடம்புக்குக் குளிர்ச்சி என்பது சீனர்களின் நம்பிக்கையும்கூட. பிறகு சரளைக்கல். அதற்கும் பிறகு இரும்புக் குண்டுமணிகள். ஒவ்வொரு கட்டத்துக்கும் குறைந்தது நூறு நாள்.

அடிப்பது என்கிறோமே தவிர, அதில் அடியே இல்லை. கால்களை அகட்டி, குதிரைமேல் உட்கார்ந்த மாதிரி நிற்க வேண்டும். கையைத் தூக்கி, மூச்சை விட்டு, கையையும் அப்படியே விட்டுவிட வேண்டும். ஈரத் துணி கொடியிலிருந்து நழுவி விழுகிற மாதிரி விழ வேண்டும். ஒரு முறை உள்ளங்கை, ஒரு முறை புறங்கை, ஒரு முறை கையின் ஓரம், ஒரு முறை விரல் நுனி. தோளில் பலம் சேர்ந்தால் சிஃபு ஒரு குச்சியால் தோளைத் தட்டுவார். பத்து நிமிஷம், அவ்வளவுதான். ஆனால் தடவுவது இருபது நிமிஷம்.

ஆமாம். அடிக்கிறதுக்கு முன்னால் கொஞ்சம், அடித்த பிறகு நிறைய. ஜாடியிலிருந்து எடுத்த மருந்தை இளஞ்சூடாக்கி ஒவ்வொரு விரலாக, ஒவ்வொரு கணுவாக, விரல்களுக்கு நடுவே, மணிக்கட்டைச் சுற்றி, முழங்கை வரைக்கும் தேய்க்க வேண்டும். எனக்கு அதுதான் சள்ளை. பத்து நிமிஷத் தோசைக்கு இருபது நிமிஷம் கல்லைக் கழுவுகிற மாதிரி. சிஃபு அந்தப் பக்கம் திரும்பினால் நான் ஐந்து நிமிஷத்தில் முடித்துவிடுவேன்.

ஒருநாள் புது ஜாடிக்கு மருந்து போட்டார். தரையில் செய்தித்தாளை விரித்துப் பொட்டலங்களைப் பிரித்தார். 'பரம்பரை ரகசியம், பாக்கலாமா கூடாதா' என்று தயங்கித் தயங்கி எட்டிப் பார்த்தால், பாதிப் பேர் தெரிந்தவர்கள்! அந்தச் சிவப்பு இதழ் குசும்பாப் பூ. கண்ணீர்த் துளி மாதிரி மஞ்சளாகக் கிடந்தது குந்திரிக்கம். பக்கத்தில் பழுப்பாக வெள்ளைப்போளம். இரண்டும் அரபு, ஆப்பிரிக்கக் கரைகளிலிருந்து நூற்றாண்டுகளாகக் கப்பலேறிச் சீனாவுக்குப் போகிற பிசின்கள். அந்தச் சிவப்புக் கட்டை, கேரளா ஓட்டல்களில் தண்ணீரை ரோஸ் கலராக்குகிற பதிமுகமேதான். ரத்தம் உறைந்த மாதிரி இருந்த கட்டிக்கு 'டிராகன் ரத்தம்' என்று பேர். பயப்படாதீர்கள். சுமத்ராவில் ஒரு வகைப் பிரம்பின் பழத்தில் வடியும் பிசின். கூடவே சீனாவுக்கே உரிய வேர்கள். காய்ந்த கரப்பான் மாதிரி ஒன்று கிடந்தது. கரப்பான் மாதிரி இல்லை, கரப்பான் இனமேதான். எலும்புக்கு நல்லதென்று, தங்க நிறத்தில் மின்னும் ஓர் இரும்புக் கல்லையும் சுட்டுப் பொடித்துச் சேர்ப்பார்கள்.

தட்டையாக, வட்டமாக, பட்டன் மாதிரி ஒரு கொட்டையைக் கையில் எடுத்தேன். சிஃபு பாய்ந்து பிடுங்கினார். அதுவும் தெரிந்தவர்தான். எட்டிக்கொட்டை. கொல்லும் விஷம். அதைப் பக்குவம் பண்ணாமல் யாரும் தொடுவதில்லை. சில செய்முறைகளில் வச்சநாபி இனத்துக் கிழங்கும் சேரும். அதுவும் இதயத்தை நிறுத்திவிடக்கூடிய விஷம்தான். அதனால்தான் 'மது' என்று பேர் இருந்தாலும் ஒரு சொட்டுகூடக் குடிக்கக் கூடாது. புண் இருக்கிற தோலில் தடவக் கூடாது. கர்ப்பிணிகள் கிட்டேயே போகக் கூடாது.

எல்லாவற்றையும் இடித்து ஜாடியில் போட்டு, காரமான அரிசிச் சாராயத்தை ஊற்றி மூடி, இருட்டு மூலையில் வைத்தார். குறைந்தது ஒன்றரை மாசம். வருஷக்கணக்கில் விட்டால் இன்னும் நல்லது என்பார்கள்.

"எனக்கு எப்போ கை கல்லு மாதிரி ஆகும்?" என்று அன்றைக்குக் கேட்டேன். சிஃபு பதில் சொல்லாமல் தன் கையை நீட்டினார். 'தொட்டுப் பார்' என்று சைகை. தொட்டேன். காய்ப்பு இல்லை, தழும்பு இல்லை. பள்ளிக்கூடத்து வாத்தியார் கை மாதிரி மெத்தென்று இருந்தது. செங்கல் போட்டோ பொய்யோ என்று ஒரு சந்தேகமே வந்துவிட்டது.

*

நவம்பரில் அது நடந்தது.

அலுவலகத்தில் ஒரு பெரிய தொகை இரண்டு முறை கணக்கில் ஏறிவிட்டது. ஏற்றியவன் நானில்லை. மேலதிகாரி ஃபைலை எறியவில்லை. அதற்குப் பதில், எல்லோருக்கும் முன்னால், நிதானமாக, என் அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார். அப்பா அப்போது இறந்து ஆறு வருஷம். நான் 'யெஸ் ஸார்' என்றேன். அந்த 'யெஸ் ஸார்' இன்னும் என் காதில் இருக்கிறது.

ராத்திரி அறைக்கு வந்தேன். சிஃபுவுக்குத் தெரியாமல் நானே தைத்து வைத்திருந்த பயறு மூட்டை ஒன்று கட்டிலடியில் இருந்தது. அதைச் சுவரில் சாய்த்துப் பிடித்தேன். உள்ளங்கையால் ஆரம்பித்தேன். சீக்கிரமே உள்ளங்கை முஷ்டி ஆகிவிட்டது. மூச்சு, குதிரை நிலை, ஈரத்துணி எல்லாம் போச்சு. பயறு மூட்டையில் ஒரு முகம் இருந்தது. அடிக்க அடிக்க உள்ளே இருந்த பயறு இரண்டு பக்கமும் ஒதுங்கியது எனக்குத் தெரியவில்லை. கடைசி அடி நேராகச் சுவரில் விழுந்தது. கான்கிரீட். 'மளுக்' என்று ஒரு சத்தம். கரும்பை ஒடித்த மாதிரி.

விடிவதற்குள் புறங்கை பூரி மாதிரி ஆகிவிட்டது. என்ன செய்தேன் தெரியுமா? கையில் இருந்த குப்பி மருந்து பூராவையும் தடவினேன். இரண்டு நாள் தடவித் தடவி மறைத்தேன். இடது கையால் கணக்கு எழுதினேன். 'எழுத்து ஏன் கோழி கிளறின மாதிரி இருக்கு?' என்று அதற்கும் ஒரு கத்தல். மூன்றாம் நாள் ஞாயிறு. போகாமல் இருந்தால் சந்தேகம் வருமே என்று கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனேன்.

சிஃபு கையை எடுக்கச் சொன்னார். சுண்டுவிரலின் அடியில், புறங்கை எலும்பின் மேல், தன் கட்டைவிரலை வைத்தார். அழுத்தவில்லை. ஈ உட்காருகிற மாதிரி வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். கால் அங்குலம் நகர்த்தினார். நின்றார். கண்ணைத் திறந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"யாரை அடித்தாய்?"

நான் பேசவில்லை. அவர் மருந்தை எடுக்கவில்லை. ஒரு மாணவனைக் கூப்பிட்டு, 'இவனை அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ, எக்ஸ்ரே எடுக்கணும்' என்றார். எனக்கு ஏமாற்றம். 'நீங்களே தடவிச் சரி பண்ணுங்க சிஃபு' என்றேன். அவர் சொன்னதை அந்த மாணவன் ஆங்கிலத்தில் சொன்னான்: "உடைந்த எலும்பைத் தடவினால் அது இன்னும் விலகும். இது ரத்தக்கட்டுக்கு மருந்து. முட்டாள்தனத்துக்கு இல்லை."

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்த்த இளம் டாக்டர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "சுவரா, ஆளா?" என்றார். குத்துச்சண்டைக்காரர் முறிவு என்றே இதற்குப் பேராம். சிஃபு கட்டைவிரல் வைத்த அதே இடத்தில் முடி போல ஒரு கோடு. மூன்று நாள் தள்ளி வந்ததற்கும், அந்த மூன்று நாளும் போட்டு அமுக்கித் தேய்த்ததற்கும் தண்டனையாக விரல் கொஞ்சம் திரும்பிவிட்டது. மாவுக்கட்டு நாலு வாரம்.

*

கட்டுப் பிரித்த பிறகு, இனி சிஃபு சேர்க்க மாட்டார் என்று நினைத்தேன். சேர்த்துக்கொண்டார். ஆனால் மொட்டை மாடி கிடையாது. கீழே, வைத்தியசாலையில். வேலை முடிந்து ராத்திரி ஏழு மணிக்குப் போய், வருகிறவர்களுக்கு மருந்து தடவ வேண்டும். அதுதான் பயிற்சி.

முதலில் வந்தது ஒரு பாட்டி. மீன் மார்க்கெட்டில் வழுக்கி விழுந்திருக்கிறாள். எக்ஸ்ரே எடுத்தாயிற்று, எலும்பில் ஒன்றுமில்லை, கணுக்கால் மட்டும் கத்தரிக்காய் நிறத்தில். சிஃபு என் கையைப் பிடித்து அவள் கால்மேல் வைத்தார். நான் தேய்க்க ஆரம்பித்தேன். பாட்டி அலறினாள். என் கைக்கு வீக்கம் எங்கே முடிகிறது, எலும்பு எங்கே ஆரம்பிக்கிறது என்று ஒன்றும் தெரியவில்லை. மாவுக்கட்டுக்குப் பிறகு விரல்கள் மரக்கட்டை மாதிரி இருந்தன.

சிஃபு அன்றைக்குத்தான் என் பழைய கேள்விக்குப் பதில் சொன்னார். நானும் உங்களை மாதிரி, அந்த மருந்து கையை இரும்பாக்கத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லையாம். கையை இறுக்குவது மூட்டையின் வேலை. தினமும் அளவாகத் தட்டு விழுந்தால் எலும்பு தானாகவே கெட்டிப்படும். இதைச் சீனர்கள் அனுபவத்தில் சொன்னார்கள். எலும்பு தன்மேல் விழும் சுமைக்குத் தகுந்தபடி தன்னை மாற்றிக் கட்டிக்கொள்ளும் என்று யூலியஸ் வோல்ஃப் என்ற ஜெர்மானிய டாக்டர் 1892ல் புத்தகமே எழுதினார். மருந்தின் வேலை அதற்கு நேர் எதிர். இறுகுகிற கையை இளக்குவது. தோல் தடிக்காமல், கணுக்கள் பிடித்துக்கொள்ளாமல், விரல் நுனியின் உணர்ச்சி போகாமல் பார்த்துக்கொள்வது.

ஏனென்றால் அதே கைதான் அடுத்த மணி நேரம் நாடி பார்க்க வேண்டும். தோலுக்கு அடியில் முடி அளவு கோட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். கல்லாகிப் போன கைக்கு அது முடியாது. செங்கல்லை உடைக்க முரட்டுக் கை போதும். எங்கே உடைந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள மெத்தென்ற கை வேண்டும். இரண்டும் ஒரே கையாக இருப்பதுதான் வித்தை. அதனால்தான் அடி பத்து நிமிஷம், தடவல் இருபது நிமிஷம். கணக்குப்பிள்ளையான எனக்கு அந்தக் கணக்கு அப்போதுதான் புரிந்தது.

மருந்திலேயே எவ்வளவு இருக்கிறது, தேய்ப்பதில் எவ்வளவு இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். 'இரண்டையும் பிரித்துப் பார்க்க எனக்கு நேரமில்லை, வெளியே ஆள் காத்திருக்கிறது' என்றார் சிஃபு.

ஏழு மாசம் தடவினேன். கணுக்கால்கள், மணிக்கட்டுகள், லாரியில் மூட்டை ஏற்றுகிறவர்களின் தோள்கள். மெல்ல மெல்ல விரலுக்குக் கண் திறந்தது. சூடான வீக்கம், ஆறின வீக்கம், பழைய கட்டு, புதுக் கட்டு. பாட்டிகள் அலறுவதை நிறுத்தினார்கள்.

*

1997 ஜூன் 30 ராத்திரி பிரிட்டிஷ் கொடி இறங்கியபோது மழை கொட்டியதை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். அந்தக் கோடை முழுக்க ஹாங்காங்கில் பேய்மழை. ஜூலையில் ஒருநாள் மதியம் எங்கள் அலுவலக வாசல் படியில் தொப்பென்று ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் மேலதிகாரி. ஈரப் படியில் வழுக்கி, காலை மடக்கி உட்கார்ந்திருந்தார். ஷூவைக் கழற்றக்கூட முடியவில்லை. முகம் வெளுத்திருந்தது. அலுவலகமே சுற்றி நின்றது. யாரும் கிட்டே போகவில்லை. அவருக்கு யாரும் கிட்டே போக மாட்டார்கள்.

என் மேஜை டிராயரில் ஒரு குப்பி இருந்தது. மழைக்காலத்தில் என் விரலுக்குத் தடவ வைத்திருந்தது.

உண்மையைச் சொல்கிறேன். ஒரு நிமிஷம் நின்றேன். டிராயரில் அப்படி ஒன்று இருப்பது யாருக்கும் தெரியாது. நான் சும்மா நின்றிருந்தால் கேள்வி கேட்க ஆளில்லை. அப்பாவைப் பற்றிச் சொன்ன அந்த வார்த்தை வரிசையாக எழுத்து எழுத்தாக ஞாபகம் வந்தது.

போய் எடுத்து வந்தேன். கீழ்ப் படியில் உட்கார்ந்து அவர் காலை என் மடியில் வைத்தேன். சாக்ஸைக் கழற்றினேன். உள்ளங்கையில் ஊற்றித் தேய்த்தேன். முதலில் கட்டைவிரலை மட்டும், ஈ உட்காருகிற மாதிரி, கணுவெலும்பின் ஓரமாக நகர்த்திப் பார்த்தேன். கூரான வலி எங்கும் இல்லை. சுளுக்கு மாதிரிதான் தெரிந்தது. 'எதுக்கும் எக்ஸ்ரே எடுத்துடுங்க ஸார்' என்று சொல்லிவிட்டு, வீக்கத்தைத் தொடாமல் சுற்றி மெதுவாகத் தடவ ஆரம்பித்தேன். டாக்ஸி வரும் வரைக்கும்.

கோபம் போய்விட்டதா என்றால், இல்லை. தடவும்போதும் இருந்தது. ஆனால் அது தலையில்தான் இருந்தது. கைக்கு இறங்கவில்லை. என் கைக்கு அவர் யாரென்று தெரியவில்லை. அதற்குத் தெரிந்ததெல்லாம் வீங்கிய ஒரு கணுக்கால். மீன் மார்க்கெட் பாட்டியின் காலுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. நான் தடவி முடித்துக் கையைப் பார்த்தேன். விரிந்தே இருந்தது.

இதற்குப் பிறகு அவர் மனம் திருந்தி மன்னிப்புக் கேட்டார் என்று எழுதினால் உங்களுக்குப் பிடிக்கும். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு வாரம் கழித்துக் காலை ஊன்றி நடந்து வந்து, 'அந்த வாசனை இன்னும் போகலை' என்றார். அதற்கு அடுத்த வாரம் ஒரு ஃபைல் பறந்தது. நான் குனிந்து பொறுக்காமல், நின்றபடியே 'கொஞ்சம் கையில குடுங்க ஸார்' என்றேன். கத்தாமல், சாதாரணமாக. அவர் பார்த்தார். அவரே குனிய ஆரம்பித்து, கால் வலிக்கவே நின்றார். கடைசியில் இரண்டு பேரும் சேர்ந்து பொறுக்கினோம். அதற்கப்புறம் அவர் என்னிடம் மட்டும் ஃபைலை எறிவதில்லை. அவ்வளவுதான் வெற்றி.

1999ல் ஊர் திரும்பினேன். தங்கை கல்யாணக் கடன் அடைந்திருந்தது. அந்த வருஷம்தான் ஹாங்காங்கில் சீன வைத்தியத்துக்குத் தனிச் சட்டம் வந்தது. பொது வைத்தியம், அக்குபஞ்சர், எலும்பு வைத்தியம் என்று மூன்று பிரிவு, வைத்தியர்களுக்குப் பதிவு. சிஃபு பழைய காகிதங்களைத் தேடிக்கொண்டிருந்தார். சொல்லிக்கொள்ளப் போனபோது அலமாரியின் ஓரத்திலிருந்த ஒரு ஜாடியிலிருந்து எனக்கு ஒரு குப்பி ஊற்றிக் கொடுத்தார். சிவப்புக் காகிதத்தைப் படிக்கச் சொல்லிக் காக்காவிடம் காட்டினேன். "நீங்க எட்டிக்கொட்டைய எடுத்தீங்களே தம்பி, அன்னைக்கு ஊறப்போட்டது" என்றார்.

அந்தக் குப்பி இன்னும் எங்கள் வீட்டு அலமாரியில், கோடாலித் தைலத்துக்கும் ஓமத் தண்ணீருக்கும் நடுவில் இருக்கிறது. அடியில் ஒரு விரற்கடை மிச்சம். எழுதி எழுதிக் கை பிடித்துக்கொள்கிற ராத்திரிகளில் மூடியைத் திறந்து ஒரு சொட்டு எடுத்து, ஒவ்வொரு விரலாக, கணுக்கணுவாகத் தேய்க்கிறேன். 'என்ன வாசனை இது, தூக்கிப் போடுங்களேன்' என்பாள் மனைவி. அவளோடு சண்டை போட்ட ராத்திரிகளில் கொஞ்சம் அதிகமாகவே தேய்ப்பேன். செங்கல் இன்றுவரை ஒன்றுகூட உடைத்ததில்லை.

எங்காவது பார்த்தால் கைகுலுக்குங்கள். கொஞ்சம் மெதுவாக. சுண்டுவிரல் மழைக்கு இன்னும் வலிக்கிறது.